பரணில் கிடக்கும் ஸ்லைடுகள்: எந்த ஸ்கேனர், எந்த மென்பொருள்?

(நம் குடியிருப்போர் சங்க மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, பரணில் அப்பாவின் ஸ்லைடு டப்பா கிடைத்ததைச் சொன்னேன். "எங்கள் வீட்டிலும் இருக்கிறதே" என்று நாலைந்து பேர் சொன்னீர்கள். செயலாளர் என்னை மேடையேற்றிவிட்டார்.

பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. ஸ்லைடு என்பது நெகட்டிவ் இல்லை. நிறம் நேராகவே தெரியும் பிலிம் துண்டு, இரண்டு அங்குலச் சதுரச் சட்டத்தில் இருக்கும். புரொஜெக்டரில் போட்டுச் சுவரில் பார்ப்போம்.

எங்கள் டப்பாவில் 340 ஸ்லைடுகள். அவற்றில் இருப்பவர்களில் பாதிப் பேர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அம்மா. அவருக்கு 84 வயது. கருவி வாங்கும் கணக்கை நான் போட்டது இதை வைத்துத்தான்.

முதலில் வீட்டிலிருந்த பிரிண்டர் ஸ்கேனரில் வைத்துப் பார்த்தேன். கறுப்புக் கட்டம்தான் வந்தது. காகிதத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அது படிக்கிறது. ஸ்லைடுக்கோ ஒளி ஊடுருவிப் போகவேண்டும். மூடியிலும் விளக்கு உள்ள ஸ்கேனர் வேண்டும், அல்லது பிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர் வேண்டும்.

கடைக்குப் போனால் டிபிஐ எண்ணைக் காட்டி மயக்குவார்கள். ஸ்லைடின் படம் 36 மி.மீ.க்கு 24 மி.மீ. 2400 டிபிஐயில் எடுத்தாலே சுமார் 77 லட்சம் பிக்சல் வரும்; 4கே டிவி நிரம்ப ஏறக்குறைய அது போதும். 4000 டிபிஐ என்றால் 2 கோடியைத் தாண்டும். எப்சன் வி600 பெட்டியில் 6400 என்று போட்டிருக்கும். சோதித்தவர்கள் கண்ட உண்மையான நுணுக்கம் அதில் கால் பங்குதான். பிளஸ்டெக் 8200ஐ பெட்டியில் 7200. அதிலும் கிடைப்பது பாதிக்குக் குறைவு. ஆனாலும் இரண்டில் பிளஸ்டெக்தான் கூர்மை. ஒரே குறை, ஒவ்வொரு ஸ்லைடாகக் கையால் தள்ளவேண்டும். தூசி நீக்கத்தோடு ஒன்றுக்கு நாலு நிமிடம் என்று வைத்தால்கூட 340க்கு 22 மணி நேரத்துக்கு மேல். எப்சனில் ஒரே நேரத்தில் நாலு வைக்கலாம்.

அந்தத் தூசி நீக்கம் நல்ல வசதி. அகச்சிவப்பு ஒளி பிலிமின் சாயத்தைக் கடந்து போய்விடும், தூசியைக் கடக்காது. அதைக்கொண்டு மென்பொருள் தூசியை அடையாளம் கண்டு அழிக்கும். ஆனால் சட்டத்தில் 'கோடாக்ரோம்' என்றிருந்தால் கவனம், அதில் தூசியோடு படத்தின் விளிம்பும் அழியலாம். வெள்ளி உள்ள கறுப்பு வெள்ளைப் பிலிமில் இது வேலையே செய்யாது.

மென்பொருளில் இரண்டு பெயர்கள். சில்வர்ஃபாஸ்ட் நுணுக்கமானது, ஆனால் ஒவ்வொரு ஸ்கேனர் மாடலுக்கும் தனி உரிமம். வியூஸ்கேன் ஒன்றை வாங்கினால் பல ஸ்கேனர்களுக்கு ஆகும், கம்பெனியே கைவிட்ட பழைய நிக்கான் கூல்ஸ்கேன் உட்பட. கூல்ஸ்கேன் பழையதாகக் கிடைத்தால் பின்பக்கத்து இணைப்பைப் பார்த்து வாங்குங்கள். சில மாடல்களுக்கு ஃபயர்வயர்தான். இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது.

கம்ப்யூட்டர் பெரிதாக வேண்டாம், 8 ஜிபி ராம் போதும். இடம்தான் வேண்டும். 4000 டிபிஐயில் 48 பிட் டிஃப் கோப்பு ஒன்று சுமார் 128 எம்பி. எங்கள் டப்பாவுக்கு 44 ஜிபி. இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஏரிக் காற்றுக்காகத்தான் பருத்திப்பட்டில் வீடு வாங்கினோம். ஸ்லைடுக்கு அந்த ஈரம் ஆகாது, பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த ஸ்லைடு ஒன்றை ஈரத் துணியால் துடைத்தேன். அத்தை முகம் துணியோடு வந்துவிட்டது. பூஞ்சை படர்ந்த பூச்சு தண்ணீரில் கரையும் என்று பிறகுதான் படித்தேன். காற்றுப் பம்பால் ஊதுங்கள், அதோடு விடுங்கள்.

கடைசியில் நான் ஸ்கேனரே வாங்கவில்லை. எல்இடி விளக்குப் பலகை ஒன்று வாங்கினேன், மச்சானிடம் கேமராவும் மேக்ரோ லென்ஸும் இரவல். ஸ்டாண்டில் பொருத்தி, அறை விளக்கை அணைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் 340ம் முடிந்தது. தூசியைக் கையால் நீக்கவேண்டியிருக்கிறது, அது மெதுவாக நடக்கட்டும். படங்களை டிவியில் போட்டு, அம்மா சொல்லச் சொல்லப் போனில் பதிவு செய்தேன். 212 படங்களுக்குப் பெயர் கிடைத்தது. சிலவற்றில் "இவர் யாரு, முகம் ஞாபகம் இருக்கு" என்று நிறுத்திவிட்டார். நாலு வருஷம் முன்னால் டப்பாவை இறக்கியிருந்தால் அவையும் கிடைத்திருக்கும்.

மிகப் பிடித்த இருபதை மட்டும் நல்ல ஸ்கேனரில் எடுக்க எண்ணம். அதற்கு நாலு வீடு சேர்ந்து ஒரு பிளஸ்டெக் வாங்கி, வேலை முடிந்ததும் விற்றுவிடலாம். சம்மதமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். விளக்குப் பலகை என்னிடம் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளப் ஹவுஸுக்கு எடுத்து வருகிறேன். டப்பாவோடு வாருங்கள், வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு. லிஃப்ட் வேலை செய்யும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.