பத்துமலைக்கு வராத தலைவர்



உளவுத் துறையில் ஏறியவர் எப்படி விழுகிறார் என்பது இன்றைய தலைப்பு. சிரியாவின் காஸி கனானை முதலில் நினைவுபடுத்துகிறேன். 1982 முதல் 2002 வரை லெபனானில் சிரிய இராணுவ உளவுத் துறையின் தலைவர். பிறகு உள்துறை அமைச்சர். 2005 அக்டோபரில் தம் அலுவலகத்திலேயே துப்பாக்கிக் குண்டுக்கு இறந்தார். தற்கொலை என்றது அரசு; நம்பாதவர்கள் பலர்.

ஆனால் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்திருக்கும் நான் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தைப்பூசத்திற்கு நாம் காவடி எடுக்கும் பத்துமலையின் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

லாய் தெக் என்பவர் வியட்நாமிலிருந்து வந்தவர். அங்கே பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு சொன்னார். சிங்கப்பூரில் பிரிட்டிஷாருக்குச் சொன்னார். கட்சியில் தமக்கு மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைதாக, இவர் மேலே போனார். 1939-இல் மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளரே ஆகிவிட்டார்! 1942-இல் ஜப்பானியரின் கெம்பித்தாய் பிடித்தது. பிறகு விட்டும்விட்டது. ஏன் விட்டது என்று அன்றே கேட்டிருக்க வேண்டாமா?

அதே ஆண்டு ஆகஸ்டில், பத்துமலை அருகே கூடும்படி முக்கியத் தலைவர்களுக்கு அழைப்பு போயிற்று. செப்டம்பர் 1 விடியற்காலையில் ஜப்பானியப் படை சுற்றி வளைத்தது. மூத்த தலைவர்கள் பலர் அங்கேயே மாண்டனர். அழைத்தவர் மட்டும் வரவில்லை. கார் பழுதாகிவிட்டதாம்! கட்சி அதையும் நம்பியது. தலைவரைச் சந்தேகிப்பது துரோகம் என்று பழக்கிவிட்டால் வேறென்ன நடக்கும்?

போர் முடிந்ததும் மீண்டும் பிரிட்டிஷார் பக்கம் போனார். சந்தேகம் முற்றி, 1947 மார்ச்சில் கட்சி விசாரிக்க முனைந்தபோது கட்சிப் பணத்தோடு மறைந்தார். 22 வயது சின் பெங் தலைவரானார். அவர் ஆட்கள் தேடி வர, அதே ஆண்டு பாங்காக்கில் லாய் தெக் கொல்லப்பட்டார். உடல் ஆற்றோடு போனது.

ஆயுதம் எடுக்காமல் கட்சியை இவர் இழுத்துப் பிடித்திருந்தார். அது யாருக்காக என்பது பிறகுதான் விளங்கியது. அந்தக் கோபமும் சேர்ந்தே கட்சி காட்டுக்குள் போனது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. தோட்டத்து மக்கள் முள்வேலிக்குள் அடைபட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில், 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். லாய் தெக் விற்ற பெயர்களில் நம்மவர் பெயர் எத்தனை? வீட்டுப் பெரியவர்கள் சொன்னது நினைவிருக்கும் நேயர்கள் எழுதுங்கள்.