உறைபனியில் ஒரு மோட்டார் வண்டி



மார்கழி மாதத்து விடியற்காலையில் தேங்காயெண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு துளிகூட இறங்காமல் நிற்பதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். வீட்டிலுள்ளோர் அதை இளவெயிலில் வைப்பர்; அவசரமானால் அடுப்பருகே வைப்பர். இச்சிறு அனுபவத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலுள்ள அலாஸ்காவுக்கு என்னுடன் வாருங்கள்.

அங்கே ஃபேர்பாங்க்ஸ் என்றொரு நகரம் உண்டு. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 190 கிலோமீட்டர் தெற்கே அமைந்தது. மாரிக்காலத்தில் அங்கு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கு இறங்கும் நாட்களும் உண்டு. செல்ஷியஸா, பாரன்ஹீட்டா என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. அந்த ஓரிடத்தில் இரண்டு அளவுகளும் ஒன்றாகிவிடுகின்றன! அத்தகைய இரவில் வெளியே நிறுத்திய வண்டி காலையில் என்ன நிலையில் இருக்கும்?

யந்திரத்தின் உள்ளுறுப்புகள் உராயாமல் காக்கும் எண்ணெய், காய்ச்சிய வெல்லப்பாகுபோல் இறுகிக் கிடக்கும். அந்தப் பாகினூடே பிஸ்டன்களை அசைப்பதற்கு வழக்கத்தைவிடப் பன்மடங்கு வலிமை வேண்டும். அவ்வலிமையைத் தரவேண்டிய பாட்டரியோ, மைனஸ் 18 டிகிரியிலேயே தன் ஆற்றலில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடுகிறது. தேவை மிகும் நேரத்தில் கொடுப்பவன் கை சுருங்குகிறது. போதாக்குறைக்கு, மின்னேற்றம் வற்றிய பாட்டரியின் அமிலம் மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து, பெட்டியையே பிளந்துவிடக்கூடும். முழு மின்னேற்றம் பெற்ற பாட்டரியின் அமிலம் மைனஸ் 50க்கும் கீழேதான் உறையும். ஆகவே குளிர்நாட்டு ஓட்டுநர் பாட்டரியை இரவில் காலியாக விடுவதில்லை.

1920களில் அலாஸ்காவின் காடுகளுக்கு மேலே சிறு விமானங்களை ஓட்டியவர்கள் இத்தொல்லைக்கு ஓர் எளிய உபாயம் கண்டிருந்தனர். மாலையில் தரையிறங்கியதும், யந்திரம் ஆறுமுன்னரே அதன் எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்தெடுத்துத் தாம் தங்கும் குடிசைக்குள் கொண்டுபோவர். காலையில் அடுப்பின்மீது அதைக் காய்ச்சுவர். இதற்கிடையே யந்திரத்தின்மேல் கித்தான் கூடாரமொன்றைப் போர்த்தி, அடியில் ஊதுவிளக்கை ஏற்றிவைப்பர். கித்தான் தீப்பற்றாமல் ஒருவர் பக்கத்திலேயே காவலிருக்க வேண்டும். உலோகம் இளஞ்சூடு கண்டதும் காய்ச்சிய எண்ணெயை ஊற்றி உடனே கிளப்புவர். மறந்துபோய் எண்ணெயை யந்திரத்திலேயே விட்டு உறங்கினவனுக்கு மறுநாள் பயணம் இல்லை.

பிறகு மின்சாரம் வந்தது. வட டகோட்டா மாநிலத்துக் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்தவரான ஆண்ட்ரூ ஃப்ரீமன், சிலிண்டரின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட்டுகளுள் ஒன்றை அகற்றிவிட்டு, உள்ளே மின்சூடேற்றி பொதிந்த வேறொரு போல்ட்டை அங்கே முடுக்கும் முறையைக் கண்டறிந்து, 1949இல் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த சூடேற்றிகள் சிலிண்டரைச் சூழ்ந்த திரவத்தையே வெப்பமாக்குகின்றன. இன்று ஃபேர்பாங்க்ஸில் வண்டிகளின் முகப்பிலே நாக்கை நீட்டியதுபோல் ஒரு மின்கம்பி தொங்குவதைக் காணலாம். அலுவலகங்களிலும் வீடுகளிலும் வண்டி நிறுத்துமிடத்தில், நாம் குதிரையை முளையில் கட்டுவதுபோல, அக்கம்பியை மின்கம்பத்தில் செருகிவிட்டுப் போகின்றனர். இரவெல்லாம் சூடேற்ற வேண்டியதில்லை. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு தானே இயங்கும்படி காலக்கருவி ஒன்றைப் பொருத்தினால் போதும்.

சிலிண்டரைச் சூழ்ந்த திரவம் என்றேன். அது வெறும் தண்ணீராக இருந்தால் என்னாகும்? தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவிகிதம் பருக்கிறது. வார்ப்பிரும்பும் அதன்முன் நிற்பதில்லை, வெடித்துவிடும். ஆதலால் எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவத்தைத் தண்ணீருடன் சரிபாதியாகக் கலக்கின்றனர். இக்கலவை மைனஸ் 37 டிகிரி வரையில் உறையாது. அப்படியானால் தண்ணீரே சேர்க்காத கிளைக்கால் இன்னும் நன்றன்றோ என்று தோன்றும். வியப்பு என்னவெனில், தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும்! இரண்டு திரவங்களும் ஒன்றின் படிகங்களை மற்றொன்று கட்டவிடாமல் தடுப்பதாலேயே இக்கலவைக்கு இந்த வன்மை. இன்னொன்றும் சொல்லவேண்டும். இது இனிப்புச் சுவையுடைய கொடிய நஞ்சு. தரையில் சிந்தியதை நக்கி இறக்கும் நாய்களும் பூனைகளும் உண்டு. குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்கவேண்டிய பொருள்.

எரிபொருளுக்கு வருவோம். டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர்ந்தால் அது திரிந்து, நம் தேங்காயெண்ணெயைப்போலவே இறுகி, வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். இதற்கு அலாஸ்காவரை போகவேண்டியதில்லை. நமது லடாக்கே சான்று. அங்கே எரிபொருள் தொட்டியின் அடியில் நெருப்பு மூட்டி டீசலை இளக்கிய ஓட்டுநர்கள் பலர். எத்தனை ஆபத்தான காரியம்! 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரியிலும் இறுகாத மாரிக்கால டீசலை லடாக்குக்கென வழங்கத் தொடங்கியது.

இனிக் கண்ணாடி. மேகமற்ற இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. அதன்மேல் ஈரம் பனிப்படிகமாகப் படிகிறது. மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலத்தில் நிறுத்திய வண்டிகளின்மேல் வெண்மையாகப் படிவதும் இதுவே. கூரையின் கீழ் நிறுத்தினாலோ, கண்ணாடியின்மேல் ஒரு துணி விரித்தாலோ பெரும்பாலும் படியாது. படிந்தபின் சிலர் வெந்நீரை ஊற்றிவிடுகிறார்கள். கண்ணாடியின் ஒரு பகுதி திடீரென விரிய, மறுபகுதி விரியாதிருக்க, விரிசல் விழுகிறது. சுரண்டியெடுப்பதே முறை.

கடைசியாக, உயிரைப் பற்றிய செய்தி. காருக்குள் கதகதப்பு வேண்டி, மூடிய கொட்டகைக்குள் யந்திரத்தை ஓடவிடுவோர் உண்டு. பனிப்புயலில் சிக்கி நடுவழியில் நின்றவர்களும் அவ்வாறே செய்வர். வெளியே புகைக்குழாயின் வாயைப் பனி மூடிக்கொண்டிருப்பதை அறியமாட்டார்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் அது இரத்தத்தின் செம்பொருளைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலியும் தூக்கமும் வரும்; அத்தூக்கத்திலிருந்து எழாதவர்கள் பலர். எனவே குளிர்நாட்டில் அனுபவமுள்ள ஓட்டுநர், பனியில் நின்றுபோனால் முதலில் மண்வெட்டியுடன் இறங்கி வண்டியின் பின்புறம் போகிறார். குழாயின் வாயைத் தோண்டித் திறந்தபின்னரே உள்ளே வந்து யந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டுகிறார். பிறகு அதை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்தே கொண்டுவந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கிறார்.