விழிப்புலனற்றோரும் விஞ்ஞான நூல்களும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கல்வியைக் கண் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தினாலே போலும், பார்வையில்லாத பிள்ளை படிக்க விரும்பினால் சங்கீதத்தையும் பிரம்பு வேலையையும் காட்டிவிட்டு அமைந்து விடுகிறோம். பௌதிகமும் கணிதமும் வேண்டுமென்று அப்பிள்ளை கேட்டால் நமக்கு வியப்பாயிருக்கிறது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் நியூற்றன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவியை 1711ஆம் ஆண்டில் ஏற்ற நிக்கலஸ் சாண்டர்சன், குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயினாற் பார்வையிழந்தவர். அவருக்குப் பின் முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் நாம் வியந்துகொண்டேயிருப்பது அழகன்று.

கதைப் புத்தகத்தைப் பார்வையற்றோர் படிப்பதற்கு வழி எப்போதோ பிறந்துவிட்டது. பிரான்சு தேசத்து லூயி பிரெயில் தமது பதினைந்தாவது வயதில், 1824இல், ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்துக்களை அமைத்தார். அந்த ஆறு புள்ளிகளால் 63 குறிகள் உண்டாகும். கதைக்கு அவை போதும். கணிதமோ ஒரே வரியில் ஓடுவதில்லை. மேலும் கீழும் ஏறியிறங்குகிறது. ஓர் உதாரணம் கேளுங்கள்: “ஆறு கூட்டல் நான்கு வகுத்தல் இரண்டு.” ஆறும் நான்கும் சேர்ந்து கோட்டுக்கு மேலே நின்றால் விடை 5. நான்கு மாத்திரம் மேலே நின்றால் விடை 8. கண்ணுள்ளவர் கோட்டின் நீளத்தைப் பார்த்தே அறிந்து கொள்கிறார். காதால் மட்டும் கேட்பவர் எதைக் கொண்டு அறிவார்?

ருஷ்ய நாட்டுக் கணித மேதை பொன்திரியாகின் பதினான்கு வயதில் அடுப்பு வெடித்துப் பார்வையிழந்தார். அவருடைய தாயார் தையல் வேலை செய்து சீவித்தவர், உயர்கணிதம் கற்றவரல்லர். எனினும் நூல்களை மகனுக்கு வாசித்துக் காட்டினார். குறிகளின் பெயர் தெரியாதபடியால் கண்ட உருவத்தையே சொன்னார். கணங்களின் ஒன்றிப்புக் குறிக்கு “வால் மேலே” என்றும், இடைவெட்டுக் குறிக்கு “வால் கீழே” என்றும் தாயும் மகனும் தமக்குள்ளே ஒரு பாஷை வகுத்துக் கொண்டார்கள். அந்த அம்மையாரை நாம் கைகூப்பி வணங்கலாம். ஆனால் ஒவ்வொரு மாணவனுக்கும் அப்படியொரு தாய் கிடைத்தாலன்றி விஞ்ஞானமில்லை என்பது என்ன நியாயம்?

நியூயோர்க்கில் 1918இல் பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்த ஏபிரகாம் நெமத் கணிதம் படிக்க ஆசைப்பட்டார். ஆலோசகர்கள் தடுத்து உளவியலுக்குத் திருப்பிவிட்டார்கள். உளவியலிற் பட்டம் பெற்றும் தகுந்த உத்தியோகம் வாய்க்கவில்லை. “வேலையில்லாத உளவியலாளராக இருப்பதைவிட வேலையில்லாத கணிதராக இருக்கலாமே” என்று மனைவியார் கேட்டாராம். இதிலும் சிறந்த ஆலோசனையை எந்தப் பேராசிரியர் சொல்லியிருப்பார்? நெமத் கணிதத்துக்கே திரும்பினார். தமக்காக வகுத்துக் கொண்ட கணிதப் பிரெயில் முறை 1952இல் அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவரும் சர்வகலாசாலையில் கணிதம் போதித்தார்.

பின்னர் கணினி வந்தது. பார்வையற்றவரான ரி. வி. ராமன் 1994இல் கோர்னெல் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்த ஆய்வில், கணிதக் கட்டுரைகளைக் குரலாக மாற்றும் ஒரு முறையை அமைத்தார். மேற்குறி வரும்போது குரல் உயரும். கீழ்க்குறி வரும்போது தாழும். அதற்குத் தம் வழிகாட்டி நாயின் பெயராகிய ‘ஆஸ்ரர்’ என்பதையே இட்டார். அவர் எடுத்தாண்டது அச்சிட்ட தாளையன்று, ஆசிரியர் தட்டச்சிட்ட மூலப் பிரதியை. எது மேலே, எது கீழே என்ற செய்தி அதிலேதான் உயிரோடிருக்கிறது.

நமது வாதமெல்லாம் இதிலே அடங்கும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெரும்பாலும் பீ.டி.எவ். வடிவில் வெளிவருகின்றன. பார்வைக்கு அழகான வடிவம். ஆயின், உள்ளமைப்பைக் குறித்து வைக்காவிட்டால், திரைவாசிப்பான் சமன்பாட்டைச் சிதறிய எழுத்துக்களாகவே உச்சரிக்கும். எழுதியவரிடம் இருந்த செய்தியை அச்சிடும்போது அழித்துவிட்டு, பின்பு பெருஞ்செலவில் மீட்க முயல்கிறோம். ஆர்க்கைவ் என்னும் ஆய்வுக் களஞ்சியம் 2023 டிசெம்பர் முதல், டெக் முறையில் வந்துசேரும் புதிய கட்டுரைகளை எச்.ரி.எம்.எல். வடிவிலும் தர முற்பட்டது. மூலத்திலிருந்தே செய்வதால் இது நல்ல வழி.

சட்டமும் இடந்தருகிறது. மராக்கேஷ் நகரில் 2013இல் ஏற்கப்பட்ட உடன்படிக்கை 2016இல் நடைமுறைக்கு வந்தது; இலங்கையும் அவ்வாண்டிலேயே அதிற் சேர்ந்தது. பார்வையற்றோருக்கும், புத்தகத்தைக் கையிற் பிடிக்க இயலாதோருக்கும், உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திராமல் நூலை வேறு வடிவில் ஆக்கிக் கொடுக்க அது வழி செய்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம்மவரிற் பலர் பாமினி எழுத்துருவிலே தட்டச்சிடுகிறோம். தாளிலே ‘அம்மா’ என்று அழகாய் விழும். கணினியின் வயிற்றிலோ அது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்ற ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கும். திரைவாசிப்பானும் அப்படியே பிதற்றும். இந்த நிலையில் நாம் விஞ்ஞானக் கட்டுரை எழுதி என்ன, எழுதாமல் என்ன?

ஆதலால் மலர்க்குழு நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அச்சகத்துக்குக் கட்டுரைகளைக் கொடுக்கும்போது யுனிக்கோட் பிரதியொன்றையும் வைத்திருங்கள். தலைப்புக்களைத் தலைப்புக்களாகவே குறியுங்கள். வரைபடம் வருமிடத்தில் “படம் 1” என்றெழுதி விட்டுவிடாமல், கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று இரண்டு வசனம் சேருங்கள். அனுப்பு முன் ஒரு தடவை திரையை அணைத்துவிட்டு, கணினியை வாசிக்க விட்டுக் கேட்டுப் பாருங்கள்.