சின்னஞ்சிறு சரக்குப் பெட்டி

புகையிரதங்களை மாதிரி வடிவிற் செய்து ஓட்டுவது மேலைநாடுகளிற் பலருக்கு உகந்த பொழுதுபோக்காகும். பெரும்பாலோர் கடையில் விற்கும் பெட்டிகளையே வாங்கி ஓட்டுவர். ஒரு சிலரோ வரைபடத்தை முன்வைத்து, மரச்சீவல், பிளாஸ்டிக் தகடு, கம்பி முதலியவற்றைக் கொண்டு முழுப் பெட்டியையும் தம் கையாலேயே ஆக்குவர்.

இத்தொழிலுக்கு முதலில் வேண்டுவது அளவு. ‘எச்.ஓ.’ என வழங்கும் முறையில், உண்மைப் பெட்டியின் ஓர் அடி மாதிரியில் 3.5 மில்லிமீற்றர் ஆகும். அஃதாவது 87இல் ஒரு பங்கு. 40 அடி நீளமுள்ள அமெரிக்கச் சரக்குப் பெட்டி 14 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். ஊழியர் பற்றி ஏறும் கைப்பிடிகளுக்கு மிக மெல்லிய கம்பியை வளைத்து, சிறு துறப்பணத்தை விரலாலே திருகித் துளையிட்டுப் பொருத்துவர். சுவரோடு ஒட்டி வார்க்கப்பட்ட கைப்பிடியின் பின்னே நிழல் விழாது. கம்பியின் பின்னே விழும். அந்த நிழலே கண்ணை நம்பச் செய்கிறது.

உருவம் அளவுக்கு இசைந்தால் மட்டும் போதுமா? போதாது. நீளம் 87இல் ஒரு பங்காகும்போது, கன அளவு ஏறக்குறைய ஆறரை இலட்சத்தில் ஒரு பங்காகிறது. 20 தொன் எடையுள்ள வெறும் பெட்டி, அதே கணக்கில் 30 கிராமளவே நிற்கும். அத்துணை இலேசான பெட்டி தண்டவாளப் பொருத்துகளில் துள்ளும், வளைவுகளிற் கவிழும். ஆகவே, 1935இல் தோன்றிய அமெரிக்கத் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம், 1 அவுன்சுடன் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் அரை அவுன்சு சேர்க்குமாறு பரிந்துரைத்துள்ளது. இதன்படி நம் பெட்டிக்கு நூறு கிராமுக்குச் சற்று மேல் எடை வேண்டும். குறையை ஈயத்துண்டுகளால் அடித்தளத்தில் நிரப்புவர். உருவத்தில் உண்மை, எடையிலோ வேண்டுமென்றே செய்த விலகல். இரண்டும் கூடினாற்றான் பெட்டி ஓடும்.

இறுதியிற் சேர்வது முதுமை. புதுவண்ணம் பூசிய பெட்டி விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். மழைநீர் மேலிருந்து கீழே வழிவதால் துருக்கறையும் அவ்வாறே இறங்கவேண்டும். சில்லுகள் வாரியடிக்கும் சேறு பெட்டியின் முனைச்சுவர்களிற் படியவேண்டும். காரணமின்றி இட்ட அழுக்கு உண்மையாகாது.

இக்கலையிற் புகழ்பெற்றவர் கலிபோர்னியாவின் மொன்ரரே நகரில் வாழ்ந்த ஜோன் அலன். புகைப்படக் கலைஞரான அவர், பழமையும் தேய்வும் தோன்ற ஒரு மலைநாட்டுப் புகையிரத உலகையே தம் இல்லத்தில் அமைத்தார். 1973 ஜனவரியில் அவர் காலமானார். சில நாட்களுள் மூண்ட தீயில் அப்பேருழைப்பின் பெரும்பகுதி அழிந்தது. ஆயினும் அவர் எடுத்த படங்களும் எழுதிய கட்டுரைகளும் எஞ்சின. துருவையும் தூசியையும் கூர்ந்து நோக்கக் கற்பித்த அவர் வழியைப் பின்பற்றி இன்றும் பலர் பெட்டிகள் செய்து வருகின்றனர். கைப்பொருளைத் தீ கொள்ளலாம். பிறர்க்குச் சொல்லிக்கொடுத்த தொழிலை அது கொள்ளமாட்டாது.