பாலைவனத்தில் எழுதிய அரியர்



மண் இயக்கவியலில் நான் அரியர் வைத்தது இங்கே பலருக்குத் தெரியும். அதே பாடத்தை மறுபடியும் ஒருமுறை, 2009 டிசம்பரில், கத்தார் நாட்டில் குடும்பத்தோடு எழுதினேன்.

தோஹாவுக்குத் தெற்கே, மெசயீத் தாண்டி, சீலைன் பக்கம் தார் ரோடு முடிந்துவிடும். அப்பால் மணல்மேடுகள்தான். அவற்றைக் கடந்தால் கோர் அல் அதைத். பாலைவனத்துக்குள் கடல் புகுந்து ஏரி போல நிற்கும் இடம். எதிர்க்கரை சவூதி. மேடுகளில் ஏறாமல் கரையோரமாகப் போனால் சுலபமான தடம். "புதுசா ஓட்டுறவனே போகலாம்" என்றார்கள். அந்தச் சொல்லில்தான் விழுந்தேன்.

மணலில் இறங்குமுன் எல்லோரும் நிறுத்தி டயர் காற்றை இறக்குவார்கள். 35 பவுண்டை 18க்குக் கொண்டுவந்தால், டயர் தரையில் பதியும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். எடை அதேதான், அழுத்தம் பாதி. பள்ளிக்கூடப் பாடம்! திரும்பி வந்து யார் காற்றடிக்கிறது என்று நான் இறக்கவில்லை.

வழியில் வெள்ளையாக, சமதளமாக ஒரு தரை. மணலைவிடக் கெட்டி என்று நினைத்துத் தடத்தை விட்டுத் திருப்பினேன். அரபியில் அதற்குச் சப்கா என்று பெயர். நிலத்தடி உப்புநீர் மேலேறிக் காய்ந்து, அப்பளம் மாதிரி உப்பு ஓடு, அடியில் சேறு. ஓடு உடைந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி அடிச்சட்டம் வரை இறங்கிப்போச்சு. மண் பரிசோதனை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் சார் நான்!

செல்போனில் சிக்னல் இல்லை. பொழுது சாய்ந்தது. "அப்பா, கடல் கிட்ட வருதா?" என்றாள் சின்னவள். வந்துகொண்டுதான் இருந்தது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அதுதான் அதிகப் பயம்.

கடைசியில் ஒரு கத்தார் பெரியவர் லேண்ட் குரூசரில் வந்தார். தன் வண்டியைக் கெட்டித் தரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். என் டயரை விரலால் தட்டிப் பார்த்து, "ஹவா" என்றார். காற்று! நாலு டயரிலும் இறக்கினார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கையாலேயே சேற்றை வாரினார். நாங்கள் உட்காரக் கொண்டுபோன கோரைப்பாயைச் சக்கரத்தடியில் திணித்து, வந்த தடத்திலேயே பின்பக்கமாகப் பட்டை கட்டி, மெதுவாக இழுத்தார். பணம் நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். பிளாஸ்க் டீயை மட்டும் குடித்தார்.

அதன்பிறகு பலமுறை போயிருக்கிறேன். டயர் மீட்டர் இப்போது சின்னவள் பொறுப்பு. கோரைப்பாய் மட்டும் அங்கேயே புதைந்துபோச்சு. அது மாமியார் வீட்டுச் சீர். இன்றைக்கும் வீட்டில் கணக்குக் கேட்கிறார்கள்.