"அவனுக்கு ஏன் காட்டல?"

(நல்லூரில் நடந்த சிறுவர் உதைபந்தாட்டச் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரும் மத்தியஸ்தருமான ஒருவர் பேசியது. நமது தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துச் சென்ற தோழர்கள் பதிவு செய்து தந்தனர். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)



எனக்குத் தந்த தலைப்பு "சிறுவர் ஆட்டத்தில் ஒழுக்கம்". பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் புத்தி சொல்லலாம் என்று ஒரு தாளில் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். நேற்றுப் பின்னேரம் நடந்ததற்குப் பிறகு அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். நேற்று ஒழுக்கம் தவறியவர்களில் முதல் ஆள், விசில் வைத்திருந்த நான்.

மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். நிற்காதவர்கள் நாலு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனால் நானே சொல்கிறேன். முதற்பாதியில், பத்தாவது நிமிடமளவில், எங்கட ஊர்ப் பொடியன் ஒருவன் பின்னால் வந்து உங்கள் பிள்ளையின் குதிக்காலில் உதைத்தான். விசில் ஊதினேன். "தம்பி, கவனம்" என்று வாயால் சொல்லி விட்டுவிட்டேன். இரண்டாம் பாதியில் உங்கள் பிள்ளை ஒருவன் அதே மாதிரி, அதே பின்பக்கத்தால் வந்து, அதே காலில் தட்டினான். பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தேன். அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அவனுக்கு ஏன் சார் காட்டல?"

நான் பதில் சொல்லவில்லை. "போய் விளையாடு" என்றேன். அவன் பந்தைத் தூக்கி நிலத்தில் அடித்தான். இரண்டாவது மஞ்சள், உடனே சிவப்பு. பதினைந்து வயது நிரம்பாத பிள்ளை அழுதுகொண்டு வெளியே போனான். தகப்பன் மைதானத்துக்குள் ஓடி வந்தார். கோட்டுக்கு வெளியே நின்ற எங்கட ஆட்களில் சிலர் ஒரு சொல்லைச் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

இரவு உங்கள் பயிற்றுநர் வந்து, அந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்றும், விடியற்காலை பஸ்ஸிலேயே எல்லோரும் திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். உதைபந்தாட்ட விதிகள் 17. அதில் பன்னிரண்டாவது விதி, பிழையான ஆட்டத்தைப் பற்றியது. எதிராளியின் மேல் மோதும்போது மத்தியஸ்தர் மூன்று படியில் அதை அளக்க வேண்டும். வெறும் கவனக்குறைவு என்றால் விசில் மட்டும், அட்டை இல்லை. எதிராளிக்கு என்ன ஆகும் என்ற யோசனையே இல்லாமல் மோதினால் மஞ்சள். தேவைக்கு மிஞ்சிய பலத்தைப் பாவித்து அவனுக்கு ஆபத்து உண்டாக்கினால் சிவப்பு. அளவுகோல் இவ்வளவுதான். யார் உதைத்தான், எந்த ஊர், எத்தனையாவது நிமிடம், எத்தனைக்கு எத்தனை என்பதெல்லாம் இந்த அளவுகோலில் இல்லை.

பிறகு நான் ஏன் மாற்றி அளந்தேன்? முதற்காரணம், மத்தியஸ்தர்கள் எல்லோருக்கும் உள்ள ஒரு பயம். பத்தாவது நிமிடத்தில் ஒரு அட்டையைக் காட்டிவிட்டால் கடைசி வரைக்கும் அதே அளவில் காட்ட வேண்டும். அது பெரிய வேலை. ஆகவே தொடக்கத்தில் கையைப் பொத்தி வைத்திருப்போம், பிறகு ஆட்டம் சூடாகிவிட்டது என்று திடீரென்று திறப்போம். இதற்கு "ஆட்டத்தைக் கட்டுப்படுத்துதல்" என்று நல்ல பெயரும் வைத்திருக்கிறோம். இரண்டாவது காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தப் பொடியனை எனக்குத் தெரியும். அவனுடைய தகப்பனுக்கும் நான் படிப்பித்தேன். அவன் விழுத்தினால் "பொடியன் தவறிவிட்டான்" என்று கண் சொல்கிறது. தெரியாத பிள்ளை விழுத்தினால் "வேண்டுமென்று அடிக்கிறான்" என்று அதே கண் சொல்கிறது. மனதில் வஞ்சகம் வைத்து ஊதவில்லை. ஆனால் விழுந்த பிள்ளைக்கு அதனால் என்ன ஆறுதல்?

எண்பதுகளில் நான் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்தேன். பாடசாலைக்குக் கீழேதான் கொழுந்து மடுவம். பகல் நிறுவை நேரத்தில் சத்தம் வகுப்புக்குள் கேட்கும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிவு வெட்டுவார்கள். அங்கே நின்ற அம்மாமாரின் வாக்குவாதம் கழிவே வெட்டக்கூடாது என்பதாக இருந்ததில்லை. "அவளுக்கு ரெண்டு, எனக்கு ஏன் நாலு?" என்பதுதான் பெரும்பாலும். கணக்கப்பிள்ளை ஒருவருக்கு ஒரு மாதிரியும் இன்னொருவருக்கு இன்னொரு மாதிரியும் வெட்டினால், தராசு எவ்வளவு சரியான தராசாக இருந்தாலும் பொய்த் தராசுதான். நேற்று அந்தப் பிள்ளை கேட்டது அதே கேள்வி. அவனுடைய அம்மாவிடமிருந்து வந்த கேள்வியாகக்கூட இருக்கலாம்.

நேற்றுக் காலை உங்களையெல்லாம் நல்லூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். எங்கட ஊரைப் பற்றி நான் பெருமை பேசினால் அங்கே ஒரு விஷயத்தைத்தான் பேசுவேன். பூசை நேரம் யாருக்காகவும் பிந்தாது, முந்தாது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா. மந்திரி வந்தாலும் ஒரு ரூபா, மூட்டை தூக்குகிறவர் வந்தாலும் ஒரு ரூபா. ஆண்கள் யாரானாலும் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வாசலில் யாரும் "எனக்கு ஏன்?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கோயிலிலிருந்து மைதானம் நடந்து போகிற தூரம். அவ்வளவு தூரத்துக்குள் நான் அதை மறந்துவிட்டேன்.

பிள்ளைகளே, இந்த அட்டைகள் எப்படி வந்தன தெரியுமா? 1966 உலகக் கிண்ணம், இங்கிலாந்தும் ஆர்ஜென்டீனாவும் வெம்பிளியில் ஆடிய கால் இறுதி. மத்தியஸ்தர் ஜேர்மனிக்காரர், ருடோல்ப் கிரைட்லைன். ஆர்ஜென்டீனாவின் தலைவர் அன்டோனியோ ரற்றின் பேசியது ஸ்பானிய மொழி. மத்தியஸ்தர் அவரை வெளியே போகச் சொன்னார். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார், போகமாட்டேன் என்று நின்றார், ஆட்டம் பல நிமிடங்கள் தடைப்பட்டது. அப்போது மத்தியஸ்தர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கென் அஸ்டன், ஆங்கிலேயர், என்னைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் காரில் போகும்போது வீதிச் சமிக்ஞை விளக்கில் மஞ்சளையும் சிவப்பையும் பார்த்து, இது எல்லா மொழிக்காரருக்கும் விளங்குமே என்று நினைத்தாராம். 1970இல் மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் வந்தன. எங்கள் பிள்ளைகள் கொழும்புக்குப் போய் ஆடும்போது மத்தியஸ்தர் சிங்களத்தில் பேசினாலும், அட்டை விளங்கும்.

ஆனால் அட்டை தண்டனையை மட்டும்தான் சொல்லும். காரணத்தைச் சொல்லாது. நேற்று எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரே மொழி. ரற்றினுக்குக் கிடைக்காத வசதி. ஒரு வரியில் காரணம் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு என்னிடம் காரணம் இருக்கவில்லை, அதனால்தான் "போய் விளையாடு" என்றேன்.

இப்போது பிள்ளைகளுக்கு. பந்தை நிலத்தில் அடித்தது பிழை. அதற்கு மஞ்சள் சரி. மத்தியஸ்தர் பிழைவிட்டால் கூட, ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு அந்த முடிவை மாற்ற முடியாது. விதி அப்படி. 2019 உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் எங்கள் நாட்டுக் குமார் தர்மசேன ஐந்து ஓட்டம் கொடுக்க வேண்டிய இடத்தில் ஆறு கொடுத்தார். பிறகு ரி.வியில் பார்த்தபோது பிழை தெரிகிறது என்று அவரே ஒத்துக்கொண்டார். கிண்ணம் இங்கிலாந்துக்குத்தான் போனது. அவ்வளவு பெரிய ஆட்டத்திலும் அப்படித்தான்.

கேள்வி கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு ஆள் இருக்க வேண்டும். தோட்டத்தில் முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் துரையின் கந்தோருக்குள் போய்க் கத்தினால் என்ன நடக்கும், தலைவர் போய்ப் பேசினால் என்ன நடக்கும் என்று உங்கள் பெற்றோருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. 2024இல் ஜேர்மனியில் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தில் இதையேதான் கொண்டுவந்தார்கள்: மத்தியஸ்தரிடம் வந்து கதைக்கலாம், ஆனால் அணித்தலைவர் மட்டும். தலைவர் கேட்டால் மத்தியஸ்தர் விளக்கம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சூழ்ந்து நின்றால் மஞ்சள். இன்றைக்கு நாங்களும் அப்படிச் செய்யப் போகிறோம்.

இன்னொன்று. சிறுவர் ஆட்டங்களில் வாய்த்தர்க்கத்துக்குத் தற்காலிக வெளியேற்றம் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. மொத்த நேரத்தில் பத்திலொரு பங்கு. எங்களுடையது 60 நிமிட ஆட்டம், ஆகவே ஆறு நிமிடம் வெளியே இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். பதினான்கு வயதில் கோபம் ஆறு நிமிடத்தில் போய்விடும். நேற்று இது இருந்திருந்தால் அந்தப் பிள்ளை அழுதுகொண்டு போயிருக்க மாட்டான். முதலே யோசிக்காதது ஏற்பாட்டாளர்களாகிய எங்கள் குறை.

அந்த அப்பா இங்கே இருக்கிறார். ஐயா, உங்களை ஓட வைத்தவன் நான். ஆனாலும் உள்ளே வந்தது பிழை என்று உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தில் அல்மேர என்ற நகரத்தில் 2012 டிசம்பர் 2ஆம் திகதி ஒரு சிறுவர் ஆட்டம். ஒரு தகப்பன் தன் மகன் ஆடிய அணிக்காக எல்லைக்கோட்டில் கொடி பிடித்தார். சம்பளத்துக்கு வந்தவர் இல்லை, பெற்றோர் முறை வைத்துச் செய்கிற உதவிதான். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் சிலர் அவரை விழுத்தித் தலையில் உதைத்தார்கள். அடுத்த நாள் அவர் இறந்துபோனார். அதற்கு அடுத்த வார இறுதியில் அந்த நாடு முழுவதும் இப்படியான ஆட்டங்களை நிறுத்தி வைத்தார்கள். வழக்கில் ஆறு பையன்களும், அவர்களில் ஒருவனின் தகப்பனும் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். தகப்பனுக்கு ஆறு வருடச் சிறை. அந்தப் பையன்கள் பிறக்கும்போதே கொலைகாரராகப் பிறந்தார்களா? பதினைந்து, பதினாறு வயது. எங்கட பிள்ளைகளின் வயது.

இனி அந்தச் சொல். "தோட்டக்காட்டான்." நானே சொல்கிறேன், ஏனென்றால் நேற்று அதைக் கேட்டும் கேட்காத மாதிரி நின்றேன். இதை இங்கே இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் தாத்தாமார் காலத்திலிருந்து யாழ்ப்பாணத்தில் புழங்குகிற சொல். 77இலும் 83இலும் அடிபட்டு வடக்குக்கு வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய உங்கள் சனத்துக்கும் இதே சொல்தான் கிடைத்தது. அதைச் சொன்னவர்களில் என் பக்கத்து வீட்டுக்காரரும் உண்டு.

உதைபந்தாட்டத்தில் இதற்கும் விதி இருக்கிறது. இனத்தையோ பிறப்பையோ சொல்லி இழிவுபடுத்தினால் மத்தியஸ்தர் முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிக்க வேண்டும். மறுபடி நடந்தால் இரண்டு அணியையும் வெளியே கூட்டிப்போக வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிட வேண்டும். 2024இல் பீபா ஒரு சைகையும் தந்தது: இரண்டு கையையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்து உயர்த்துவது. விளையாடுகிற பிள்ளையே காட்டலாம். இதெல்லாம் எனக்கு நேற்றும் தெரியும். பந்தை அடித்த பிள்ளைக்கு அட்டை எடுத்த கை, இந்தச் சொல்லுக்கு விசிலைத் தூக்கவில்லை. குதிக்காலில் உதைத்ததை மாற்றி அளந்ததைவிட இதுதான் என்னை இரவு தூங்கவிடவில்லை.

ஆகவே இன்றைக்கு. இரவே அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் இரண்டு உதையையும் எழுதியிருக்கிறேன், அந்தச் சொல்லையும் எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளை இன்று ஆட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். முடிவு ஏற்பாட்டுக் குழுவினுடையது. இன்றைய ஆட்டத்துக்கு வேறொருவர் விசில் ஊதுவார். தொடங்க முன் இரண்டு அணித்தலைவரையும் கூப்பிட்டு, எதற்கு என்ன அட்டை என்று சொல்லிவிட்டுத்தான் ஊதுவார். பார்வையாளர்கள் எல்லோரும் கயிற்றுக்கு வெளியே, இரண்டு ஊரும் கலந்து நிற்க வேண்டும். யாரும் அந்தச் சொல்லைச் சொன்னால் ஆட்டம் நிற்கும்.

நான் பஸ் நிற்கிற பக்கத்துக் கோட்டில் கொடி பிடிப்பேன். தம்பி, நீ இறங்கினால் இடது பக்கம்தானே ஆடுவாய்? முதற்பாதி முழுக்க எனக்குப் பக்கத்தில்தான் ஓடுவாய். இன்றைக்குக் கேட்டால் பதில் சொல்கிறேன். மூன்று மணிக்கு ஆட்டம். முதல் போய்ச் சாப்பிடு.