விருந்தாளியாக வரும் சொந்தங்கள்



ராஜுலா கப்பலும் சிதம்பரம் கப்பலும் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஓடிய காலத்தை மூத்தவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். நான் பேச வந்தது, இன்று நாலு மணி நேரத்தில் வந்து இறங்கும் சொந்தங்களைப் பற்றி.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் மலேசியா வந்து 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஊரிலிருந்து ஆள் வரவழைப்பது எளிதாகிவிட்டது. ஆனால் 'விசா வேண்டாம்' என்றதும், எதுவுமே வேண்டாம் என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கடப்பிதழ் இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட்டும் கைச்செலவுக்குப் பணமும் இருக்க வேண்டும். வருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் குடிநுழைவுத் துறையுடையது அல்ல.

ஜொகூருக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. திருச்சியிலிருந்து சாங்கிக்கு டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் போட்டுவிடுகிறோம். சாங்கியில் இறங்கி உட்லண்ட்ஸ் வழியாக நம் வீட்டுக்கு வர, இந்தியக் கடப்பிதழ்காரருக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். இங்கே வந்தபின் முஸ்தபா சென்டரைக் காட்டலாம் என்று கிளம்பினாலும் அதே கதைதான். திரும்பி நுழைய வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும். பாலத்தைத் தாண்டிவிட்டு வந்தால் இன்னொரு 30 நாள் நிச்சயம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அது அதிகாரியின் முடிவு.

இன்னொன்றைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். "சாச்சா, சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் கல்லாவைப் பாருங்க" என்கிறோம். நமக்கு அது ஒத்தாசை. சோதனைக்கு வருபவர் கண்ணுக்கு அது வேலை. சுற்றிப்பார்க்க வந்தவர் வேலை செய்யக் கூடாது. நாள் கடந்து தங்கினால் 1959/63 குடிநுழைவுச் சட்டப்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அவரைத் தங்கவிட்ட வீட்டுக்காரருக்கும் 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ உண்டு. பாசத்தில் கூப்பிட்ட சாச்சாவை லாக்கப்பில் போய்ப் பார்ப்பதா?

தனியாக வரும் தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. எங்கே தங்குவீர்கள் என்று அதிகாரி கேட்டால், "மகன் வீட்டில்" என்று மட்டும் சொல்லி நிற்பார்கள். வாட்ஸ்அப்பில் முகவரி அனுப்பியிருப்பீர்கள். இறங்கிய இடத்தில் அவர் போனுக்கு லைன் இருக்காது. உங்கள் பெயர், அஞ்சல் குறியீட்டோடு வீட்டு முகவரி, போன் எண் மூன்றையும் மலாயில் தாளில் எழுதி, கடப்பிதழோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.